இரண்டு கொட்டகைகளும் ஒரு புளியமரமும்

அடுக்களை மூலையில் வெயில் விழுந்து நான் பார்த்தது அந்த ஒரு மாசியில்தான். எலிகள் செத்து விழுந்த வீடுகளில் ஓடுகளைப் பிரித்து வெளிச்சம் பாய்ச்ச வேண்டும் என்பது பிளேக் காலத்து உத்தரவு. கூரையில்லாத எங்கள் வீட்டில் குதிரோரம் படிந்து கிடந்த அந்த வெயிலும், சுண்ணாம்போடு கலந்து வந்த எலி வாடையும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆண்டைக் குறித்து வைக்கும் பழக்கம் அப்போது எனக்கில்லை; தம்பி பிறப்பதற்கு முந்தைய ஆண்டு என்பதை வைத்துப் பின்னோக்கிப் பார்த்தால் இருபதுகளின் பிற்பாதி என்று சொல்லலாம்.

கூடலூரில் எங்கள் தெருவில் முதலில் போனவள் சித்தி. அவளை அம்மாதான் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அப்பா மலைமேல் ஏலத்தோட்டத்தில் இருந்தார். நோய்க்குப் பயந்து குமுளிப் பாதையை அடைத்திருந்ததால் அவரால் இறங்கி வர முடியவில்லை. சித்தியை அடக்கம் செய்த மறுநாள், ஊரார் ‘ஊசிக்கார ஐயா’ என்று அழைத்த சுகாதார இன்ஸ்பெக்டர், அம்மாவையும் என்னையும் ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்பினார்.

அங்கே இரண்டு கொட்டகைகள் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு புளியமரம். ஐயாவிடம் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன. நோயாளியோடு புழங்கியவர் ‘கான்டாக்ட்’. காய்ச்சலோ நெறிகட்டியதோ தெரிந்தால் ‘சஸ்பெக்ட்’. நோய் உறுதியானால் ‘கேஸ்’. ஊரோ மூன்றையும் சேர்த்துக் ‘கேசு’ என்றது. எங்கள் கொட்டகையில் அவரவர் அடுப்பு எரிந்தது. எதிர்க் கொட்டகையில் யாரும் எழுந்து சமைக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அம்மா தானாகவே பெயர் வைத்தாள்: “இது இருக்கிற கொட்டகை, அது கெடக்கிற கொட்டகை.”

விடிந்ததும் ஐயா வருவார். நாங்கள் கைகளைத் தூக்கி வரிசையாக நிற்போம். அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்ப்பார். அவர் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் வரிசை முழுவதும் அந்தப் பக்கம் திரும்பும். என்னோடு சொட்டாங்கல் ஆடிய பேச்சிக்கு ஒரு காலையில் உடம்பு சுட்டது. “சஸ்பெக்ட்” என்றார் ஐயா. பேச்சியின் தாய் “சரிங்கய்யா” என்றாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர்க் கொட்டகைக்கு நடந்தாள். அங்கிருந்து அவள் திரும்பியது பல நாள் கழித்து, தனியாகத்தான்.

அதற்குப் பிறகு ஒரு காலை அவர் விரல் என் தொடையிடுக்கில் நின்றது. அதே சொல்லைச் சொன்னார். அம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

“எம்பிள்ளைக்கு நோயின்னு சொல்றீகளாய்யா?”

“இல்லம்மா. சஸ்பெக்ட் வேற, கேஸ் வேற. இது சந்தேகந்தான்.”

“சந்தேகப்படுறதுக்கு நோய்க்காரக நடுவுல கொண்டுபோய் எதுக்குப் போடணும்? இங்கன வச்சே சந்தேகப்படுங்க.”

யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்னாலிருந்து வேறொருத்தி கத்தினாள்: “ஏத்தா, எங்க பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிருச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?”

அதுவும் நியாயம்தான். அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு புளியமரத்தைப் பார்த்தாள்.

“இங்கனயும் வேணாம், அங்கனயும் வேணாம்யா. அந்த மரத்தடி யாருக்கும் பாத்தியமில்லேல்ல?”

ஐயா மரத்தடிவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். “காலையில வருவேன். சூடு ஏறியிருந்தா அப்புறம் பேச்சே கிடையாது” என்று சொல்லிக் குடையை விரித்தார்.

மரத்தடியில் அம்மா என்னை உச்சி முதல் உள்ளங்கால்வரை தடவிப் பார்த்தாள். குதிகாலைத் தொட்டதும் நான் அலறினேன். கொட்டகைக்கு வெறுங்காலோடு நடந்து வந்தபோது ஏறிய கருவேலமுள் உள்ளே சீழ் வைத்திருந்தது. “முள்ளுக்கும் நெறி கட்டுமேடி! வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று ஊக்கால் கீறி முள்ளை எடுத்தாள். ஆனாலும் அவளுக்கு நிச்சயமில்லை; கட்டி முள்ளால்தானா? விடியும்வரை அவள் கை என் நெற்றியிலேயே இருந்தது.

காலையில் சூடு ஏறவில்லை. சில நாளில் கட்டியும் கரைந்தது. ஐயா தொட்டுப் பார்த்து “கான்டாக்ட்” என்றார். அதற்குப் பின் எத்தனையோ ஆங்கிலப் புத்தகங்கள் படித்துவிட்டேன். எந்தச் சொல்லும் அப்படி இனித்ததில்லை.

அந்தச் சொற்களை அகராதியில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐயா எதையும் தவறாகச் சொல்லவில்லை. அவரிடம் சொற்கள் மூன்று இருந்தன. கொட்டகைகள் இரண்டுதான் இருந்தன.

என் கல்யாணத்துக்கு வந்த பேச்சியின் தாய், திருநீறு பூசிவிட்டு மெல்லக் கேட்டாள்: “அன்னைக்கு எதிர்க் கொட்டகையிலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒங்க ஆத்தா அந்த ஐயாகிட்ட என்னத்தத்தான் கேட்டாக?” சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்தில் குமுளிக்குப் போகும் ஜீப்புகள் ஆள் ஏற்றுகின்றன. கொட்டகைகள் நின்ற தடமில்லை. சாலையை அகலப்படுத்தியபோது புளியமரமும் போயிற்று. பேச்சிக்கு அன்று சுட்டது எதனால் என்பதுமட்டும், எத்தனை பேரிடம் கேட்டும் எனக்குத் தெரியவில்லை.