மாமா கட்டித் தந்த கக்கூசு

எங்கள் பகுதிச் சனம் மாமாவை நம்பி வாக்குப் போட்டு மாவட்ட சபைக்கு அனுப்பியது. நம்பாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய தங்கையான என் அம்மாவின் வீடு. அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டு வளவை மாமா திரும்பப் பிடுங்கப் பார்க்கிறார் என்பது அப்பாவின், எங்கள் வாயில் ஐயாவின், அசைக்க முடியாத எண்ணம். எட்டு வயதில் எனக்கும் அதே எண்ணம். மாமா ரொபி மிட்டாய் தந்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன்.

'வீட்டுக்கொரு கக்கூசு' என்று தேர்தலில் சொன்ன மாமா, சொன்னபடியே செய்தார். குழி வெட்டித் தண்ணீர் ஊற்றும் புதுக் கக்கூசு எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக வந்தது. வளவுகள் சிறியவை. ஒரு மூலையில் குழி, மறு மூலையில் கிணறு. அது வந்த வருடமே தங்கச்சிக்கு வயிற்றோட்டமும் தொடங்கியது. நிற்கும், திரும்ப வரும். எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசியில் எழும்ப மாட்டாமல் பாயோடு கிடந்தாள். பிள்ளை தப்பாது என்று அயலில் குசுகுசுத்தார்கள்.

ஒரு நாள் காலையில் மாமா ஒரு பையோடு வந்தார். தங்கச்சியைப் பார்த்தார். பிறகு பையோடே கக்கூசுக்குள் போய், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கக்கூசுக்குப் போகிறவருக்குப் பை எதற்கு? வெளியே வந்தபோது விரல்கள் சிவந்திருந்தன, பனையோலைப் பெட்டிக்குப் போடும் சாயம் பட்டது போல. நான் ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன்.

சில நாளில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சிவந்தது. ஐயா அள்ளிய வாளியை அப்படியே வைத்துவிட்டு, "செய்வினை" என்றார்.

அன்று பின்னேரம் மாமா வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். முகம் செத்துப் போயிற்று. அம்மாவைக் கூப்பிட்டார். நான் வாழைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"கக்கூசுக்கை ஊத்தின சாயம் கிணத்திலை வந்திட்டுது, பிள்ளை. கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, குழியிலை உள்ளதெல்லாம் கசியுது. இனி உந்தத் தண்ணியைத் தொடாதை. கோயில் கிணத்திலை அள்ளு."

"அப்ப ஒழுங்கையிலை மற்றச் சனம்?"

"இப்ப சொன்னா, கட்டினதெல்லாத்தையும் இடி எண்டு வந்து நிக்கும். குழாய்த் தண்ணி கொண்டுவர எத்தினை வருசம் செல்லுமோ தெரியாது. அதுவரைக்கும் ஆர் எனக்கு வோட்டுப் போடுறது? கொஞ்சம் பொறு. ஒருத்தரோடையும் கதையாதை."

கல்லும் குழாயும் எனக்கு விளங்கவில்லை. ஊற்றியதை அவரே ஒப்புக்கொண்டார் என்பது மட்டும் விளங்கியது. ஐயா வாசல் படலையில் மாமாவை மறித்தார்.

"என்ரை பிள்ளைக்கோ செய்வினை செய்தனீர்?"

மாமா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். "ஓம், அப்பிடியே வைச்சுக்கொள்ளும். உந்தக் கிணத்திலை மட்டும் அள்ளாதையும்" என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஐயா கிணற்றைத் தகரத்தால் மூடினார். கோயில் கிணற்றுத் தண்ணீரில் தங்கச்சி தேறினாள். செய்வினை விலகிவிட்டது என்று ஐயா சொல்லித் திரிந்தார். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கிணற்றுக்கு நடந்தாள்.

சித்திரையில் ஒழுங்கையின் கடைசி வீட்டுக் கக்கூசைத் திறந்து வைக்க மாமா வந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. அந்த வீட்டுக்காரி செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"விரதம், பிள்ளை" என்றார் மாமா. அன்று செவ்வாயுமில்லை, வெள்ளியுமில்லை. என்ன விரதம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு நல்ல தாகம். கை நீட்டினேன். அம்மா நறுக்கென்று கிள்ளினாள். செம்பு அந்த வீட்டுச் சின்னப் பெடியனிடம் போயிற்று. அவன் அண்ணாந்து மடமடவென்று குடித்தான். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்க, மாமா மட்டும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவனுக்கும் ஏதோ செய்யப் போகிறார் என்று எனக்குப் பயம் பிடித்தது. அம்மாவின் கையைப் பற்றினேன். அவள் அந்தப் பெடியனைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்கும் மாமாவில் பயம் என்றுதான் நினைத்தேன்.