ஒரு பக்கத்துச் சத்தம்

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்கூட்டர் சாவியை உள்ளே தோசைமாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்துகிறார் உமாசங்கர். ரெக்கார்டிங் நடக்கும்போது ஃப்ரிட்ஜ் உறுமக் கூடாது. முடிந்ததும் பிளக்கை மாட்ட மறக்கவும் கூடாது. இரண்டு முறை மறந்து, மாவு பொங்கி வழிந்து, வீட்டில் பெரிய ரகளையாகிவிட்டது. சாவி உள்ளே இருந்தால் வெளியே கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் திறந்துதானே ஆக வேண்டும்? "இதுக்குப் பேருதான் சிஸ்டம்" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தென்காசியில் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் பத்துக்குப் பத்து அறை ஒன்றுதான் அவருடைய ஸ்டுடியோ. ஒரு லேப்டாப், ஒரு மைக், இரண்டுக்கும் நடுவில் செங்கல் அளவில் சிவப்பாக ஒரு பெட்டி. மைக்கில் விழும் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் அது. அவர் வாயில் வெறும் 'டப்பா'. எதிரொலி வராமலிருக்க மனைவி யோகலட்சுமியின் சேலை அலமாரியைத் திறந்துவைத்து, அதற்குள் முகத்தை நீட்டிப் பேசச் சொல்வார். தென்காசியைச் சுற்றித் தெருத்தெருவாக ஒலிக்கிற ஜவுளிக்கடை, பழக்கடை விளம்பரங்களில் பாதி அந்தப் பட்டுச்சேலைகளிடம் சொல்லப்பட்டவைதான்.

பேச வருகிறவர்களுக்கு முதலில் ஒரு பாடம் நடக்கும். டப்பாவில் உள்ள எல்லாக் குமிழையும் பூஜ்யத்துக்குத் திருப்புவார். நாற்பத்தெட்டு என்று போட்டிருக்கும் பொத்தானை அமுக்குவார். மைக்குக்கு மின்சாரம் அனுப்புகிற பொத்தான் அது. "மைக்குக்குக் காப்பி குடுத்துருக்கேன், முழிக்கட்டும்" என்று பத்து எண்ணுவார். பிறகு குமிழைச் சுற்றி எரியும் விளக்கைக் காட்டுவார். "பச்ச எரிஞ்சா பேசுங்க. மஞ்ச எரிஞ்சா பாத்துப் பேசுங்க. செவப்பு எரிஞ்சா வாய மூடிருங்க." வந்திருப்பவர் கவுன்சிலராக இருந்தாலும் இதே பேச்சுதான்.

யார் வந்தாலும் தன் இடப்பக்கத்தில்தான் உட்கார வைப்பார். ஏன் என்று கேட்டால் ஒயர் எட்டாது என்பார். ஒயரெல்லாம் தாராளமாக எட்டும். வாசுதேவநல்லூரில் ஒரு மைக்செட் கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். கோயில் கொடை விழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஸ்பீக்கர் பெட்டிக்கு வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றதில் அந்தக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இந்த நாலு வருடமாகச் சுத்தமாகக் கேட்பதில்லை. யோகலட்சுமியைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு. அவளும் ஊர் வாயை அடைக்க வேறு மாதிரிச் சொல்லிவைப்பாள். "நாலு வீடு தள்ளி ஃபேன் ஓடுதது கேக்கும். பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் கேக்காது." காது போனவனிடம் யார் ரெக்கார்டிங் கொடுப்பார்கள் என்ற பயம் உமாசங்கருக்கு. வேறு தொழிலும் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன் எலுமிச்சை வியாபாரி சமீர் இந்த அறைக்கு வந்தபோது அவனுக்குக் குரலே இல்லை. புளியங்குடியில் பழம் ஏற்றி, குட்டியானை வண்டியில் மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை என்று கூவி விற்கிறவன். கூவிக் கூவித் தொண்டை புண்ணாகி, டாக்டர் பேசவே கூடாது என்றுவிட்டார். உங்கள் குரலிலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள் என்று துண்டுத் தாளில் எழுதிக் காட்டினான். உமாசங்கர் ஒப்பவில்லை.

"ஒம் பழத்துக்கு ஒஞ் சத்தம்தாம்ல வேணும். பொம்பளைக பழத்தப் பாத்தா வாசலுக்கு வாராங்க? சத்தத்தக் கேட்டுல்லா வாராங்க."

தொண்டை சற்று ஆறியதும் தினம் காலையில் வரச் சொன்னார். ஒரு நாள் 'புளியங்குடி' மட்டும். மறுநாள் 'எலுமிச்சம்பழம்'. வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வெந்நீர் கொடுத்து அனுப்பிவிடுவார். பதினோரு நாள் எடுத்து ஒட்டிய அந்த அரை நிமிடம்தான் சமீர் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது. குரல் திரும்பிய பிறகும் ஒவ்வொரு வருடமும் புது விளம்பரத்துக்கு இங்கேதான் வருகிறான்.

இந்த ஆடியில், சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், குற்றாலத்தில் மெஸ் நடத்தும் ஆனந்தவள்ளி ஈரக் குடையோடு வந்து நின்றார். முந்தின நாள்தான் மெஸ்ஸுக்கு விளம்பரம் பேசிவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க போனுக்கு அனுப்புனதுல ஒண்ணுமே கேக்கலயே."

உமாசங்கர் ஹெட்போனை மாட்டி ஓட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டது. "ஒங்க இயர்போன்தான் அவுட்டுக்கா."

"இதுலதான இப்ப எம் மகட்ட பேசிட்டு வாரேன்? இடது பக்கம் அந்துபோச்சு. வலது நல்லாக் கேக்கும்."

அந்த வலப்பக்க இயர்போனை வாங்கித் தன் இடது காதில் வைத்தார். மெஸ்ஸும் இல்லை, மீன்குழம்பும் இல்லை.

அவசரமாகத் திரையைத் துழாவினார். சித்திரையில்தான் லேப்டாப்பில் புது ரெக்கார்டிங் புரோகிராம் போட்டிருந்தார். சத்தத்தை இடம், வலம் என்று பிரித்து எடுக்கும் இடத்தில் ஒரு டிக் விழுந்து கிடந்தது. இருப்பது ஒரு மைக். அது முழுக்க இடப்பக்கம் போய்விட, வலப்பக்கம் காலி. திரையில் இரண்டையும் சேர்த்து ஒரே அலையாகக் காட்டியதால் கண்ணுக்கும் தெரியவில்லை. இரண்டு காதும் உள்ள எவனுக்கும் ஹெட்போனை மாட்டிய முதல் நொடியிலேயே தெரிந்திருக்கும்.

அப்படியானால் சித்திரையிலிருந்து கொடுத்த முப்பது பென்டிரைவும் இப்படித்தானா? ஒருவர்கூடத் திரும்பி வந்து கேட்கவில்லையே, எல்லோரும் சத்தமில்லாமல் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்களா? தன் பிழைப்பு முடிந்தது என்றே நினைத்தார். முதலில் சமீரைப் போனில் கூப்பிட்டார். பக்கத்துத் தெருவில் வியாபாரத்தில் இருந்தவன், வண்டியை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான்.

"சமீரு, இந்த வருசம் எடுத்தது ஒன் வண்டியில கேக்குதா, கேக்கலயா? உள்ளதச் சொல்லு."

சமீர் செருப்பைக் கழற்றியபடியே நெளிந்தான். "மொத நாளு கேக்கல அண்ணாச்சி. ஸ்பீக்கர் ஒயரு வலது பக்கம் இருந்துச்சு. இடதுல மாத்திச் சொருகிட்டேன். இப்ப நல்லாக் கேக்குது."

"மத்தவங்க வண்டியில?"

"விளம்பரம் ஓட்டுத ஆட்டோக்காரங்க எல்லாம் நம்ம ஸ்டாண்டுப் பயலுவதான். ஒவ்வொரு வண்டியா ஸ்க்ரூடிரைவரக் கொண்டுட்டுப் போயி நானே மாத்திக் குடுத்துட்டேன். இதுக்குன்னு அண்ணாச்சிட்ட போயி நிக்காதீங்கடேன்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லதுக்கு என்னலே?"

"காது விசயத்த நீங்களே யாருட்டயும் சொல்லல. நான் எப்படிக் கேக்க?" சமீர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பதினோரு நாளு இங்கன உக்காந்துருந்தேன்லா, அப்பவே தெரியும். மதினி வலது பக்கம் நின்னு கூப்பிட்டா நீங்க திரும்பவே மாட்டீங்க. போயிட்டுப் போவுது அண்ணாச்சி. எஞ் சத்தத்த எனக்கே திருப்பிக் குடுத்தவரு நீங்க. நாலு ஒயர மாத்துததுல நான் தேஞ்சா போயிருவேன்?"

"ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியுமாலே?"

"தெரியும்."

நாலு வருடமாக மூடி மூடி வைத்திருந்ததை ஆட்டோ ஸ்டாண்டே அறிந்திருக்கிறது. ஒருவனும் வாயைத் திறக்கவில்லை, ஒரு வேலையும் கைவிட்டுப் போகவில்லை. உமாசங்கருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இந்தப் பயல்களுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறோம் என்று இருந்தது. கண் கலங்கியதற்குச் சாரலின் மேல் பழி போடவும் வழியில்லை, வீட்டுக்குள் அல்லவா நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, அடுப்புல ஒல வச்சிட்டு வந்துருக்கேன்" என்றார் ஆனந்தவள்ளி.

உமாசங்கர் திரையில் அந்த டிக்கை எடுத்துவிட்டார். ஆனந்தவள்ளி சேலைகளைப் பார்த்து இன்னொரு முறை தன் மெஸ்ஸின் பெருமையைச் சொல்லி முடித்தார். எடுத்ததைச் சரிபார்க்க வேண்டியதுதான் பாக்கி. உமாசங்கர் ஹெட்போனைக் கையில் எடுத்தார்.

"எனக்கு வலது காது கேக்காதுக்கா" என்றார் ஆனந்தவள்ளியிடம், பளிச்சென்று.

பிறகு ஹெட்போனைச் சமீரின் தலையில் மாட்டி, இரண்டு காதிலும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, திரையையும் பார்க்காமல் டப்பாவையும் பார்க்காமல், அவன் முகத்தையே பார்த்தபடி சத்தத்தைக் கூட்டும் குமிழை மெல்லத் திருப்பினார்.