கோல் கம்பத்தைப் பிடுங்கியது நான்

நெமிலிச்சேரி ஏரிக்கரையில் முள்ளை வெட்டி மைதானம் போட்டது நான். மூங்கில் நட்டுக் கோல் கம்பம் நிறுத்தியது நான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன், பதினோரு பேரைச் சேர்த்து டீம் கட்டியதும் நான்தான். இப்போது அங்கே வைத்திருக்கிற கல்லில் சூசை பெயர் மட்டும்! 'பந்தாட்ட வீரர், ஊருக்கு உழைத்தவர்' என்று. வயிறு எரியாதா?

சூசை எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். மதராஸ் வரை போய் ஜெயித்தவன், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு நாள் ஆவடி முகாமின் வெள்ளைக்கார சோல்ஜர்களோடு ஒரு கப்புக்காக வெறுங்காலில் ஆடி ஒரு கோல் முன்னால் இருந்தோம். திடீரென்று பக்கத்துக் குடிசைகளில் தீ. பந்தை விட்டுவிட்டு முதலில் ஓடியவன் சூசை. போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அண்ணாத்தே, மூங்கிலைக் குடு. அடுத்த கூரையைத் தள்ளலன்னா எல்லாம் பூடும்!"

"ஆட்டம் முடியலடா! கம்பத்துல கை வச்சே, ஒடிச்சுடுவேன்."

"கப்பை நீயே வச்சுக்க. ஊடு எரியுது!"

மார்பில் கைவைத்துத் தள்ளினேன். விழுந்தவன் எழுந்தான், என்னை அடிக்கவில்லை. கம்பத்தின் அடிமண்ணை வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தான். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானே கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். கூரைகளைத் தள்ளினோம், தீ நின்றது. ஆனால் நான் மல்லுக்கு நின்ற நேரத்தில் இரண்டு குடிசை கூடுதலாக எரிந்துபோயிருந்தது.

கல் வைத்தவர்களே, என் பெயரையும் வெட்டுங்கள். மூங்கில் நட்டவன் நான், பிடுங்கியவன் நான். அந்த இரண்டு குடிசையும் என்னால்தான் போனது. அதையும் சேர்த்தே வெட்டுங்கள்.