நெஞ்சளவுத் தண்ணீர்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் எந்த உயரத்தையும் தன் உடம்பில் கைவைத்துத்தான் காட்டுவார். விடாமல் மழை பெய்த ஒரு காலையில், நனைந்த பனியனோடு ஓடிவந்து நெஞ்சைத் தொட்டார்.

"ஆத்தாண்ட எங்க வூட்ல தண்ணி இம்மாம் கீது சார்! எல்லாரும் கெளம்புங்க!"

தெருவே மூட்டை கட்டியது. நான் அவரோடு ஆற்றங்கரை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் வாசலில் தண்ணீர் கணுக்காலைத்தான் நனைத்தது.

"இதுக்கா தெருவையே கலக்கிட்டே?"

அவர் தண்ணீரையே பார்த்தார். பொய் சொன்னவர் முகமாக இல்லை.

"போன வாட்டி வூடு முழுவுனப்பவும் மொதல்ல இப்டித்தான் சார் வந்துச்சு. என் கண்ணுக்கு இப்பவே நெஞ்சாண்ட நிக்குது."

மழை வலுத்தது. மனைவி போனில் அழைத்து, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாள்.

"முழங்கால் வரைக்கும்" என்றேன், குனிந்து பார்க்காமலே.