தெளிவாகக் கேட்ட குரல்

என் வீட்டுக்காரர் ஷேக் தாவூதுக்குச் சிம்மக்கல்லில் கிராமபோன் ரிப்பேர்க் கடை. அதில் வந்ததையெல்லாம் மாடியில் இருந்த வயர்லெஸ் பெட்டியில் கொட்டினார். சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, அவரே கட்டிய பெட்டி. அதை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

அவருடைய தம்பி பாதுஷாவுக்கும் அதே கிறுக்கு. ரங்கூனில் ஒரு ரேடியோக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன், அங்கே அவனும் ஒரு பெட்டி கட்டிக்கொண்டான். அண்ணனும் தம்பியும் தந்தி ஆபீசில் தட்டுவதுபோல டக்டக்கென்று தட்டியே கடல் தாண்டிப் பேசிக்கொள்வார்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம் ரங்கூனில் கலவரம். பாதுஷா இருந்த தெருவே எரிந்துபோனது என்று கப்பலில் திரும்பியவர்கள் சொன்னார்கள். பெட்டியிலும் சத்தமில்லை. வீடு செத்துக் கிடந்தது. பிறகு ஒருநாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பின் என் வீட்டுக்காரர், தம்பி உயிரோடு இருக்கிறான் என்று கத்திக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

என் மாமியார் மைதீன் பீவி நம்பவில்லை. யார் தட்டினாலும் இதே சத்தம்தானே என்றார். கடுதாசி வந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகன் வாசித்தால், என் மனசு நோகக் கூடாதென்று நீயாகக் கட்டிச் சொல்கிறாய் என்றார். பாதுஷாவை வரச் சொல்லலாமென்றால், அவனுடைய பர்மாக்காரப் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி. மாமி அழக்கூட இல்லை. இறந்த மகனுக்குப் பாத்திஹா ஓதப் பள்ளிவாசல் அசரத்தைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியபின் மாமி ஒன்றே ஒன்று சொன்னார்.

"அவன் குரலை எங் காதால கேக்க வை. நம்புறேன்."

அன்று பிடித்தது பாடு. பாதுஷா மைக்கில் பேசினால் இங்கே தாளிக்கிற சட்டி மாதிரிதான் இரைந்தது. மைக்குக்குள் கரித்தூள் கட்டியிருக்கும், தட்டிவிடு என்று இவர் தட்டிச் சொல்வார். அவன் செய்வான். மறுபடி அதே இரைச்சல். எதை எதையோ மாற்றினார்கள். இவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கானால் எரிச்சல்.

கடைசியில் பார்த்தால் பெட்டியில் குற்றமில்லை, பேசியவனிடம்தான். பாதுஷா இங்கே வாழைக்காய் மண்டியில் ஏலம் கூவினவன். அவன் வாயைத் திறந்தால் வைகைக்கு அந்தக் கரையில் கேட்கும். ரங்கூனிலிருந்து மதுரைக்கு என்றால் எம்புட்டுச் சத்தம் போட வேண்டும் என்று அவனாகக் கணக்குப் போட்டு, மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கூவியிருக்கிறான். அம்புட்டுத் தூரத்துக்குக் கத்தத்தான் வேண்டும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். ஒரு சாண் தள்ளி உட்கார், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி பேசு என்று இவர் தட்டினார்.

மறுநாள் குரல் வந்தது. எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல அப்படி ஒரு தெளிவு. என் வீட்டுக்காரர் அழுதார். நானும் அழுதேன். மாமியைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றிக் காதில் கருவியை மாட்டினோம். அம்மா, நான் பாதுஷா, நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டீங்களா என்று அவன் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் லேசாக விழுந்தது.

மாமி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கருவியைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார்.

"தெளிவாத்தான் கேக்குது. ஆனா இது அவன் இல்ல. எம் புள்ள இம்புட்டு மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல."

என் வீட்டுக்காரர் பதறிப்போய்த் தன் மைக்கிலேயே, பழையபடி கூவுடா என்றார். அவன் கூவினான். மறுபடி வெறும் இரைச்சல். மாமி சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். ஓடிப்போய் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம். என் வீட்டுக்காரர் மறுபடி மைக்கை எடுத்தார்.

"அம்மா கேட்டுட்டாங்கடா. சந்தோசத்துல அழுதுக்கிட்டு இருக்காங்க."

அந்த வாரமே பாத்திஹா ஓதினார்கள். இவர் தடுக்கவில்லை. வந்தவர்களுக்கு நெய்ச்சோறு பரிமாறியதும் இவர்தான். அடுத்த வருஷம் சண்டை மூண்டு, சர்க்கார் லைசென்சையெல்லாம் ரத்து செய்தது. போலீஸ்காரர்கள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாற்பத்தொன்று முடிகிற சமயம் ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பலிலும் காட்டு வழியிலும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பாதுஷா வரவில்லை, அவன் பெண்டாட்டி பிள்ளையும் வரவில்லை. பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒருநாள் என் வீட்டுக்காரர் நடுவீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"அவன் போயி மூணு வருசமாச்சே. இப்ப எதுக்குய்யா அழுகுற?"

அவர் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.