இடுப்புக் கயிறு

கீழ்த்தளத்துச் சிமெண்ட் மூட்டை அறையை வேலையாட்களின் குழந்தைகளுக்கு ஒழித்துக் கொடுத்தால் என்ன? மூன்றாம் மாடியில் அந்தக் கயிற்றைப் பார்த்த நொடியில் தோன்றிய யோசனை இது. வலியசாலைப் பக்கம் நான் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்திருக்கும் கட்டடம். கயிற்றின் ஒரு முனை தூணில். மறுமுனை இரண்டு வயதுப் பெண் குழந்தையின் இடுப்பில்.

ஈரச் சாந்தின் வாசனை என்னைச் சிறுவயதுக்கு இழுத்துக்கொண்டு போனது. நாகர்கோவில் பக்கமிருந்து இந்த மலையாளத்து ஊருக்குச் சாந்து சுமக்க வந்தவள் என் அம்மா. நான் குப்புறப் படுத்துக் கை நீட்டினாலும் விளிம்பு எட்டாதபடி அளந்துதான் என்னைக் கட்டுவாள். நாலு வயதில் முடிச்சை அவிழ்க்கக் கற்றுக்கொண்டேன்.

அன்று சுவரில்லாத விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். படியேறி வந்த அம்மா பார்த்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் துள்ளித் திரும்பியிருப்பேன். சாந்துச் சட்டியை மெல்ல இறக்கிவிட்டு, தலையிலிருந்த சும்மாட்டுத் துணியைத் தரையில் போட்டாள்.

"ஏட்டி மக்ளே, அம்மைக்குக் குனிய முடியல்ல. அந்தத் துணிய எடுத்துத் தா."

"எனக்கு என்ன தருவே?"

"பழம்பொரி வாங்கித் தாறேன். மெள்ள வா."

பின்னால் நகர்ந்து, எழுந்து, பெரிய மனுஷிபோல நடந்தேன். அவள் பிடித்த பிடியில் என் கையில் வளையல் பதிந்தது. பழம்பொரி கிடைக்கவில்லை, அடிதான் கிடைத்தது.

"கயிறு கெட்டியிருக்குல்லோ மேடம், பின்ன என்ன பேடி?" என்று இப்போது என் முகத்திலிருந்த பயத்தைப் பார்த்து மேஸ்திரி சிரித்தார்.

குழந்தை முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது.

குழந்தையின் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். இனி கான்ட்ராக்டரிடம் போய் அந்தச் சிமெண்ட் அறையைக் கேட்கவேண்டும். இவளை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் கேட்கப்போகிறேன்.