கூழை விட்டுக் கோட்டுக்குப் போன செபஸ்தியம்மா

செபஸ்தியம்மாவுக்குப் பதினாலு வயதில் கலியாணம். அதன்பிறகு ஐந்து பிள்ளைகளைப் பெற்றாள், மாதகலில் மீன் விற்றாள். 1936 ஆவணி விடுமுறையில், கீரிமலைக்குப் பக்கத்துக் கடற்கரையில் மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் பத்து நாள் முகாம் போட்டபோது, சமையலுக்கு வந்து சேர்ந்தாள்.

முகாமை நடத்தியவள் பள்ளிக்கூடத்து ஆசிரியை தேவகுமாரி ரீச்சர். நாலரைக்குக் கேணிக் குளிப்பு, ஐந்துக்கு விளையாட்டு, ஆறரைக்குச் செபம், ஏழுக்குச் சாப்பாடு, பிறகு நெருப்பு மூட்டிப் பாட்டு. எல்லாம் அட்டவணைப் பலகையில் எழுதியிருந்தது, எல்லாவற்றுக்கும் விசில். பிந்தி வந்தால் கிணற்றடி கூட்ட வேண்டும்.

நாலாம் நாள் மாலை கிளித்தட்டு. மணலில் கோடு கீறியாயிற்று. கோட்டைக் காப்பவர்களின் கையில் படாமல் மறுபக்கம் போய்த் திரும்ப வேண்டும். காவல் நிற்க வேண்டிய குணலட்சுமியின் காலில் முள் ஏறிவிட்டது. செபஸ்தியம்மா காய்ந்த பனங்கிழங்கு மாவில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த அடுப்படிக்கு நொண்டிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, என்ரை இடத்திலை வந்து நில்லுங்கோ."

"விசரே உனக்கு? நான் கலியாணம் கட்டினாப் பிறகு விளையாடினதே இல்லை."

"அப்ப கூழை ஆர் பாக்கிறது?" என்று ரீச்சரும் வந்துவிட்டாள்.

செபஸ்தியம்மா அடுப்பைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அகப்பையை ரீச்சரின் கையில் கொடுத்தாள்.

"ஒடியல்மா இப்பதான் கரைச்சு விட்டனான். கையெடுக்காமல் துழாவுங்கோ ரீச்சர், அடிப்பிடிச்சுப் போடும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கோட்டில் நின்றபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

"உந்த அக்காவோ எங்களைப் பிடிக்கப்போறா?"

முதலில் பாய்ந்தவளின் பின்னல் கையில் அகப்பட்டது. அடுத்தவளுக்கு முதுகில் ஒரு தட்டு. இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் ஓடியவளைத் திரும்பிப் பாராமலே தொட்டாள். அந்தப் பெரிய உடம்பு எப்படி அப்படி வழுக்கிப் போகிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. "வாங்கோடி! வாங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் வந்து கூடிவிட்டார்கள்.

ஆறரை ஆயிற்று. விசில் ஊதவில்லை. அடுப்படியிலிருந்து கருகல் மணம்தான் வந்தது. ரீச்சர் அகப்பையை உயர்த்திப் பிடித்தபடி, "அக்கா, பின்னாலை! பின்னாலை ஒருத்தி!" என்று கத்திக்கொண்டு நின்றாள்.

செபஸ்தியம்மா ஓடிவந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ ரீச்சர்!"

"நான் துழாவினனான்தான்..." என்று தொடங்கிய ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்துப் பிள்ளைகள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடிப்பிடித்ததைச் சுரண்டாமல் மேலாக வார்த்தும் கூழ் கருகல் மணந்தது. பலாவிலையைக் கிண்ணம்போலக் கோலிக்கொண்டு எல்லோரும் இரண்டாம் முறையும் கேட்டுக் குடித்தார்கள்.

அடுத்த நாள் அட்டவணைப் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது. செபஸ்தியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. குணலட்சுமி வாசித்துக் காட்டினாள்: "ஐந்து மணி, கிளித்தட்டு. முதற் கோடு, செபஸ்தியம்மா."

"இன்னொருக்கால் வாசி பிள்ளை."

அவளுக்குத் தொடையெல்லாம் ஒரே நோ. நல்லெண்ணெய் போட்டு உருவிக்கொண்டு, நாலரைக்கே சமையலை முடித்துவிட்டு, யாரும் வருமுன் கோட்டில் போய் நின்றாள்.